பதினேழாம் வாசகமும் என் சிவப்புப் பேனாவும்

இலங்கை அதிபர் கையால் எனக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள் என்று திருச்சியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மட்டக்களப்புக்குக் கிளம்பினேன். "அதிபர் தலைமையில் தியான மண்டப அடிக்கல் நாட்டு விழா" என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நம் ஊர்ச் செய்தித்தாளில் இலங்கை அதிபர் என்றால் ஒரே ஒருவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய சஃபாரி சூட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அந்த நாட்டில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் என்பதும், நாட்டை ஆள்பவருக்கு ஜனாதிபதி என்று வேறு சொல் இருப்பதும் விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் சூட் பெட்டியில் ஏறிவிட்டது.

இத்தனைக்கும் நான் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்திச் சம்பளம் வாங்கியவன். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் சந்திப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் வெளியே போனதில்லை. என் மனைவி இதை வியாதி என்கிறாள். பொறுப்பு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அழைத்தவர்கள் சாமித்தம்பி ஐயாவோடு இருந்தவர்கள். ஐயா, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஒரு கிராமத்து விவசாயி. சண்டைக் காலத்தில் அகதியாக வந்து எங்கள் தெருவில் நான்கு வருடம் குடியிருந்தார். காலையில் அவர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் கண்ணை மூடி உட்காருவோம். அவர் சொல்லிக்கொடுத்தது பெரிதாக ஒன்றும் இல்லை. "சும்மா இருங்க" என்பார், அவ்வளவுதான். எனக்கு அதுவும் வரவில்லை. எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரில் 'கார்த்திகை' என்ற சொல்லில் ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது. கண்ணை மூடினாலும் அது எனக்குத் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்துபோய்த் திருத்திவிட்டேன். ஐயா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். "திருத்த முதல் ஒருக்காக் கேளுங்க" என்றார். 'முதல்' என்றால் அவர்கள் பேச்சில் 'முன்னால்'.

சண்டை அடங்கியதும் அவர் திரும்பிப் போனார். நானும் தியானத்தை விட்டுவிட்டேன். அவர் காலமான பிறகு அங்கிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டு வந்தது. ஐயா ஒவ்வொருவருக்கும் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவரோடு இருந்த ஒருவர் எழுதி வைத்தது. எழுதியவரும் அதற்குள் கனடா போய்விட்டாராம். அதிலிருந்து நாற்பத்தொரு வாசகங்களை எடுத்து, திருத்தி, சிறு புத்தகமாக அச்சடித்து அனுப்பினேன். "திருத்த முதல் ஒருக்காக் கேளுங்க" என்பதையும் மூன்றாம் வாசகமாகச் சேர்த்தேன், மொத்தம் நாற்பத்திரண்டு. 'ஒருக்கா' என்பதை 'ஒருமுறை' என்று திருத்தினேன். யாரையும் கேட்கவில்லை.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது அவர்கள் ஐயாவுக்கு மண்டபம் கட்டுகிறார்கள். என்னிடம் இருக்கும் மூல நோட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அதை ஒரு எவர்சில்வர் பெட்டியில் வைத்து அடிக்கல்லுக்குக் கீழே புதைக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். புத்தகத்தைப் பதிப்பித்தவர் கையாலேயே வைக்க வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடிதத்தில் வழியும் இருந்தது. "குருக்கள்மடத்தில் இறங்கி, பாதையில் ஏறி, அக்கரைக்கு வரவும்." பாதையில் எப்படி ஏறுவது? 'நடந்து' என்று இருக்க வேண்டும். விமானத்திலேயே திருத்திவிட்டேன்.

மட்டக்களப்பு நகரத்தில் பஸ் ஏறியதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டு பக்கமும் காற்று. நம் ஊர்ப் பஸ்ஸைப் போலவே பாட்டை அலறவிட்டிருந்தார்கள். அந்தப் பாட்டில்கூடத் தூங்கத் தெரிந்தவன் நான். விழித்தபோது தேற்றாத்தீவு வந்திருந்தது. குருக்கள்மடம் எப்போதோ போய்விட்டது. கண்டக்டர் என் பெட்டியை இறக்கி வைத்து, "கிறுகிப் போங்க ஐயா" என்றார். எனக்குக் கிறுகிறுப்பெல்லாம் ஒன்றும் இல்லை, தூக்கம்தான் என்று அவருக்கு விளக்கினேன். கிறுகுவது என்றால் திரும்புவது என்று ஒரு பள்ளிக்கூடப் பெண் எனக்கு விளங்கவைத்தாள்.

பசி. எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. பலகையில் 'பிட்டு' என்று எழுதியிருந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கடைக்கார அம்மா கரண்டியோடு பார்த்த பார்வையில் பேனாவை உள்ளேயே வைத்துவிட்டேன். மதுரையில் சிவபெருமான் மண் சுமந்ததும் பிட்டுக்குத்தான், புட்டுக்கு அல்ல என்பது இரண்டாவது வாய்க்குத்தான் ஞாபகம் வந்தது. தேங்காய்ப்பூ நிறையப் போட்டு உதிர உதிர அவித்த பிட்டு, வாவி இறால் போட்ட குழம்பு, மேலே மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப் பால் சொதி. எங்கள் வீட்டில் சொதி என்றால் யாருக்கும் தெரியாது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் சலீம். காத்தான்குடிக்காரர். ஒன்பது வருடம் கத்தாரில் இருந்துவிட்டு வந்து, இப்போது வேனில் சாரம் என்கிற லுங்கியும் சட்டைத்துணியும் ஏற்றி ஊர் ஊராக விற்கிறார். நான் வந்த காரியத்தைக் கேட்டு, வேனில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மண்டபத்தைப் பற்றியே விசாரித்தார். கடைசியில், "சும்மா இருக்கிறதுக்கு ஒரு கட்டிடம் வேணுமா, சேர்?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

குருக்கள்மடத்தில் வாவிக் கரை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். எதிரே தண்ணீர்தான் இருந்தது. நான் அக்கம்பக்கம் ரோட்டைத் தேடினேன். சலீம் வேனைத் திருப்பிக்கொண்டே, "பாதை வரும், நில்லுங்க" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு துணி வியாபாரி போகிற போக்கில் இப்படி ஒரு வாக்கைச் சொல்லிவிட்டுப் போகிறாரே என்று கரையில் நின்றபடியே குறிப்பேட்டை எடுத்து, 'பாதை வரும். நில்' என்று எழுதினேன். அடுத்த பதிப்பில் நாற்பத்து மூன்றாம் வாசகமாகச் சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பத்து நிமிடத்தில், பலகை அடித்த ஒரு பெரிய மிதவை மோட்டார் சத்தத்தோடு வந்து கரையில் இடித்து நின்றது. மேலே நாலு மோட்டார் சைக்கிள், ஒரு ஆடு. "பாதை வந்திட்டு, ஏறுங்க" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அதற்குப் பெயரே பாதைதான். குறிப்பேட்டை மறுபடி எடுத்து, எழுதியதைச் சிவப்பில் அடித்துவிட்டு ஏறினேன்.

பாதையில் சைக்கிளோடு ஒரு பெண் நின்றார். ஐம்பது வயது இருக்கும். பின்பக்கம் ஒரு உரப் பை கட்டியிருந்தது. தெரிந்தவர் ஒருவர் அவரிடம், "எங்ககா, வீட்டையா?" என்று கேட்டார். "இல்ல, வட்டைக்குப் போறன். புல்லு மண்டிக் கிடக்கு" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. வட்டை. இந்தச் சொல்லை எங்கோ எழுத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு விடாமல் அடித்தும் இருக்கிறேன்.

அருகே போய், "வட்டைன்னா என்னம்மா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "உதுதான்" என்று அக்கரையைக் காட்டினார். "ஒரு ஆள்ர வயல், ரெண்டு ஆள்ர வயல் எண்டு இல்லாம எல்லாம் சேர்ந்து ஒரே வெளியாக் கிடக்கில்லியா. அதுதான் வட்டை." அக்கரையில் கண்ணுக்கு எட்டிய வரை நெற்பயிர் பச்சையாகக் கிடந்தது.

பெட்டிக்குள் இருந்த நோட்டைத் திறந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. என் திருத்தங்கள் எனக்கு மனப்பாடம். பதினேழாவது: "மனம் நிக்காட்டி வட்டைக்குப் போ." வட்டை என்று ஒரு சொல் உண்டா என்று நான் யாரையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத யாரோ 'வட்டம்' என்பதைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று பரிதாபப்பட்டேன். 'வட்டைக்கு' என்பதை அடித்து, மேலே 'வட்டத்துக்குள்' என்று சிவப்பில் எழுதினேன். ஓரத்தில் 'எழுத்துப் பிழை!' என்று ஆச்சரியக்குறி வேறு. புத்தகத்தில் வந்தது இதுதான்: "மனம் நிற்காவிட்டால் வட்டத்துக்குள் போ."

நாற்பத்திரண்டு வாசகங்களில் ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். திருச்சியில் பழைய ஆட்கள் ஐந்தாறு பேர் காலையில் சாக்பீஸால் வட்டம் போட்டு அதற்குள் உட்காருகிறார்கள். ஒருவர் வட்டமான கம்பளமே வாங்கிவிட்டார். வட்டம் என்றால் ஆதியும் அந்தமும் இல்லாதது என்று நானே ஒரு கூட்டத்தில் முக்கால் மணிநேரம் பேசியிருக்கிறேன், கைதட்டினார்கள். ஐயா சொன்னது, மனசு அலைந்தால் வயலுக்குப் போ என்பதுதான். பாதை கரையைத் தொட்டது.

கரையில் அதிபர் மாலையோடு நின்றார். பேரின்பநாயகம் என்று பெயர், கணித ஆசிரியராக இருந்து அதிபராகி ஓய்வு பெற்றவர், வெள்ளை வேட்டி சட்டை, நல்ல மனிதர். மாலையைப் போட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு, வீடு வரை பேசிக்கொண்டே வந்தார். வீட்டு முற்றத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு வட்டம். கணித ஆசிரியர் போட்டது, ஒரு நூல்கூடக் கோணல் இல்லை. ஆறு வருடமாக விடிகாலையில் அதற்குள்தான் இருக்கிறாராம். ஓய்வு பெற்ற பிறகு படபடப்பு வந்து தவித்ததாகவும், வட்டம்தான் தன்னைக் காப்பாற்றியதாகவும் சொன்னார். புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பதினேழாம் வாசகத்தின் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு நண்டுக்கறி. குற்ற உணர்ச்சியோடு நண்டு சாப்பிட முடியாது என்றுதான் நினைத்தேன். முடிந்தது.

சாப்பிடும்போதே விஷயம் எல்லாம் வெளியே வந்தது. ஐயா போன பிறகு அவரோடு இருந்தவர்கள் இரண்டு பகுதியாகிவிட்டார்கள். ஐயா கண்ணை மூடித்தான் இருந்தார் என்பது ஒரு பகுதி. மாடு பயிருக்குள் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு கண்ணைத் திறந்தேதான் வைத்திருந்தார் என்பது மறு பகுதி. காலண்டர் சம்பவத்தை நினைத்தால் நான் இரண்டாம் கட்சி. ஐயா வெற்றிலை போட்டாரா, போடவில்லையா என்பதில்கூடச் சிலருக்குள் முகம் பார்த்துப் பேச்சு இல்லை. இப்போதைய சண்டை மண்டபம். ஐயா தன் வயலை 'என்னோடு இருந்த ஆட்களுக்கு' என்று பொதுவாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை யோகம்மா என்றொரு பெண் விதைத்து அறுக்கிறார். ஐயாவின் நினைவு நாளில் எல்லோருக்கும் சோறு அந்த நெல்லில்தான். அந்த வயலின் நடுவே வட்டமாக மண்டபம் வர வேண்டும் என்கிறார்கள் அதிபரும் அவர் பக்கத்து ஆட்களும். வயலில் கை வைக்க விடமாட்டேன் என்கிறார் யோகம்மா.

"ஐயா வட்டைக்குப் போகத்தான் சொன்னவர், வட்டத்துக்கு இல்லை எண்டு அவ சொல்றா. பிழையாக் கேட்டவ" என்றார் அதிபர், என் இலையில் இன்னொரு நண்டுக் காலை வைத்தபடி. "புத்தகத்தில வடிவாக் கிடக்கு. இந்தியாவில, உங்களைப் போல படிச்ச ஆள் பார்த்து அச்சடிச்சது. அது பிழைக்குமா?"

பிழைக்காது, தப்பு வராது என்று தலையாட்டினேன். நோட்டைக் கேட்டார். பெட்டியின் அடியில் இருக்கிறது, விழாவில் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

அடுத்த நாள் காலை என்னையும் வட்டத்துக்குள் உட்காரவைத்தார். கண்ணை மூடினால் பழைய காலண்டர் போய், இப்போது 'எழுத்துப் பிழை!' என்ற என் கையெழுத்து தெரிந்தது. கொசு வேறு. அரைமணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது, முகத்தில் நல்ல அமைதி தெரிகிறது என்று அதிபர் பாராட்டினார்.

பிறகு அவர் கொத்தனாரைப் பார்க்கப் போய்விட்டார். நான் தனியாக இருந்தபோது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பாதையில் பார்த்த அதே பெண், கையில் ஒரு சட்டி எருமைத் தயிரோடு. அவர்தான் யோகம்மா. நேற்று என் கழுத்தில் மாலை விழுந்தபோதே நான் யார் என்று தெரிந்துகொண்டாராம். தயிரை வைத்துவிட்டு, நின்றபடியே பேசினார்.

அவருடைய கணவர் சண்டை நேரத்தில் காணாமல் போனவர். எங்கெங்கோ தேடி, எந்த வாசலிலும் பதில் இல்லாமல் திரும்பி வந்தார். வெளியே ஒரு சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவாராம். சமைக்காமல், குளிக்காமல் இருந்தவரை யாரோ ஐயாவிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். கண்ணை மூடச் சொன்னால் கணவரின் முகம்தான் வந்தது. இருக்க முடியாமல் அழுதிருக்கிறார்.

"அப்பதான் ஐயா சொன்னவர், மனம் நிக்காட்டி வட்டைக்குப் போ புள்ள எண்டு. போனன். பொழுதுபடும் மட்டும் புல்லுப் புடுங்கினன். அண்டைக்குத்தான் எனக்குப் பசிச்சது" என்றார் யோகம்மா. "நோட்டில எழுதினவருக்கும் நான்தான் அதைச் சொன்னன். மறுகா உங்கட புத்தகம் வந்திச்சு. எல்லாரும் வட்டமாம் எண்டு சொல்றாங்க. நான் பிழையாக் கேட்டிட்டனோ, ஐயா? ஆறு வருசமா அதுதான் எனக்கு யோசினை."

அந்த இடத்திலேயே காலில் விழுந்திருக்க வேண்டும். "பாத்துச் சொல்றேம்மா" என்றேன். முப்பத்தொரு வருடம் அச்சகக்காரர்களுக்குச் சொன்ன அதே பதில். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் உட்கார்ந்து தயிரில் சீனி போட்டுத் தின்றேன். இவ்வளவு கெட்டித் தயிரை நம் ஊரில் பார்த்ததில்லை. என்னைப் போன்ற ஒரு கோழையையும் அன்றைக்குத்தான் முதல்முறை கிட்டத்தில் பார்த்தேன்.

நோட்டை வெளியே எடுத்தேன். நாளை இது மண்ணுக்குள் போய்விடும், மேலே சிமெண்ட் வந்துவிடும், அப்புறம் ஒரு பயலுக்கும் தெரியாது. அதுவரைக்கும் யாராவது திறந்து பார்த்துவிட்டால்? அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துவிட்டால் என்ன? ஓரத்தைப் பிடித்தும் விட்டேன். கை வரவில்லை. நேர்மை என்று நினைக்க வேண்டாம். மூலப்பிரதியில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது, அந்தப் பழக்கம்தான். திருத்தலாம், கிழிக்கக் கூடாது.

மூன்றாம் நாள் விழா. மழை விட்டும் விடாமலும் இருந்தது. நான் சஃபாரி சூட்டில் போனேன். வயல் வரம்பு நம் காவிரிக்கரை வரப்பைப் போல அகலம் இல்லை. பத்தாவது அடியில் இடது கால் முழங்கால் வரை சேற்றுக்குள் போனது. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். ஷூ உள்ளேயே தங்கிவிட்டது.

வயலின் நடுவே ஒரு முளை அடித்து, அதிலிருந்து கயிறு பிடித்து, நெற்பயிருக்கு மேலாகப் பெரிய வட்டம் கட்டியிருந்தார்கள். கதிர் இன்னும் வரவில்லை. வட்டத்துக்குள் பயிரின் நடுவே யோகம்மா நின்றார். யாரோடும் சண்டை பிடிக்கவில்லை, சும்மா நின்றார். வரம்பில் முப்பது பேர் இருப்பார்கள், இந்தக் கட்சி இந்தப் பக்கம், அந்தக் கட்சி அந்தப் பக்கம். நெல் வெட்டி முடியும் வரைக்குமாவது பொறுக்கலாமே என்று ஒருவர் முணுமுணுத்தார். நாள் பார்த்தாகிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். அதிபர் ஐயாவைப் பற்றி அழகாகப் பேசினார். பொன்னாடை போர்த்தினார். எவர்சில்வர் பெட்டியைத் திறந்து என் முன்னே நீட்டினார்.

என்னைப் பேசச் சொன்னார்கள். மெய்ப்புத் திருத்துவது எவ்வளவு நுட்பமான வேலை என்று ஆரம்பித்தேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் சொன்னேன். மழை தூறியது. யாரோ இருமினார்கள். வட்டத்துக்குள்ளிருந்து யோகம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னவன் அல்லவா நான். அவர் காத்திருந்தார். காத்திருந்தே பழகிப்போன பெண் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பேச்சை நிறுத்திவிட்டு, சேற்றில் இறங்கினேன். இன்னொரு ஷூவும் போனது. நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து யோகம்மாவிடம் கொடுத்து, "நீங்களே படிங்கம்மா, சத்தமா" என்றேன்.

அவர் எழுத்துக்கூட்டாமல் வாசித்தார். "மனம் நிக்காட்டி வட்டைக்குப் போ." பிறகு அதன்மேல் இருந்த சிவப்பையும் வாசித்தார். "வட்டத்துக்குள்." ஓரத்தில் இருந்ததையும் விடவில்லை. "எழுத்துப் பிழை."

அதிபர் இறங்கி வந்து நோட்டை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "இந்தச் சிவப்பு ஆர்ர கையெழுத்து?" என்று கேட்டார்.

"என்னோடதுதான். எனக்கு அந்தச் சொல் தெரியாது. கேட்கவும் இல்லை. மன்னிச்சிடுங்க" என்றேன்.

ஆசிரியர்கள் கோபத்தில் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை இறக்கினார். "அப்ப நான் ஆறு வருசமா எதுக்குள்ள இருந்தனான்?" என்று கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

பதில் சொன்னது யோகம்மா. "நீங்க இருந்தது பிழை இல்ல, சேர். உங்களுக்கு அது கேட்டிச்சு. நெல்லுக்கு மேல போய் இருக்கப் போறதுதான் பிழை."

அதிபர் என் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "திருத்துங்க" என்றார், வகுப்பில் சொல்வதைப் போல. யோகம்மாவின் இரண்டு உள்ளங்கை மேல் நோட்டை வைத்து, என் சிவப்பு எழுத்தை அடித்தேன். அடித்த சொல்லை மறுபடி உயிர்ப்பிக்க எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைக்க வேண்டும். 'வட்டைக்கு' என்ற சொல்லுக்குக் கீழே ஆறு புள்ளி வைத்து, 'எழுத்துப் பிழை' இருந்த ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினேன்.

அப்படியென்றால் என்ன என்று யோகம்மா கேட்டார். இது முதலில் இருந்தபடியே இருக்கட்டும், யாரும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம் என்றேன். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, சுற்றிப் பயிரைப் பார்த்தார்.

"அதைத்தான் நானும் சொல்றன்" என்றார்.

முளையைப் பிடுங்கியது அதிபர்தான். கயிற்றை முழங்கையில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு வரம்பில் ஏறிப் போனார். அவர் பக்கத்து ஆட்களில் இரண்டு பேர் என்னிடம் பேசாமலே போய்விட்டார்கள். எவர்சில்வர் பெட்டியில் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது.

நான்காம் நாள் காலை, திருச்சிக்குக் கிளம்புவதற்கு முன் முற்றத்துக்கு வந்தால், அதிபர் வழக்கம்போல வட்டத்துக்குள் இருந்தார். நான் மெல்ல நழுவப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "பிழை எண்டு தெரிஞ்சாப்பிறகும் நல்லாத்தான் இருக்கு" என்றார். மண்டபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாதைக்கு இன்னும் நேரம் இருந்தது. வயல் வழியாகவே போனேன். யோகம்மா புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, ராத்திரி நித்திரை கொண்டீர்களா என்று விசாரித்தார். இல்லை, மனசு நிற்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் பக்கத்து வரிசையைக் கையால் காட்டினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நெல் எது, நெல்லைப் போலவே நடிக்கும் புல் எது என்று ஒருமுறை காட்டித் தந்தார். புரிந்துவிட்டது என்றேன். குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன். தப்பாக முளைத்ததைப் பார்த்துக் களைவதுதானே, முப்பத்தொரு வருடம் செய்த வேலை. இடுப்பு வலித்தது, காலுக்குக் கீழே சேறு குளிர்ச்சியாக இருந்தது, காலண்டரும் ஆச்சரியக்குறியும் ஒன்றும் தெரியவில்லை. ஐயா சொன்னது இதுதான் என்று எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஒரு பெரிய கட்டு சேர்ந்ததும் நிமிர்ந்து, யோகம்மாவிடம் பெருமையாக நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"இது நெல்லு, ஐயா."

புல் அத்தனையும் வரிசையில் பத்திரமாக நின்றது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. யோகம்மா குனிந்து, நான் பிடுங்கியதை ஒவ்வொன்றாகப் பிரித்து, இருந்த இடத்திலேயே சேற்றுக்குள் மறுபடி ஊன்றினார். பிழைக்குமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.